சதுப்பு நிலம் காக்கும் கள உயிரியலாளருடன் பழகுவது எப்படி

கொழும்பில் நிலப் பாதுகாப்புக்காக உழைக்கும் கள உயிரியலாளர் ஒருவருடன் பழக விரும்புகிறவர், முதலில் அவர் வேலை செய்யும் நிலத்துடன் பழகிக்கொள்ள வேண்டும். 2018 ஆம் ஆண்டு, ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சமவாயத்தின் கீழ் ஈரநில நகரங்களாக ஏற்கப்பட்ட முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. ஆயினும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மில் பலர் சதுப்பு நிலங்களை பஸ் யன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறோம். பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கோ தலவத்துகொடையிலுள்ள தியசரு பூங்காவுக்கோ காலையில் நேரத்தோடு சென்று, நீலத் தாழைக்கோழி எந்த ஓரத்தில் மேய்கிறது, ஆகாயத்தாமரை எங்கே நீரை மூடியிருக்கிறது, பெருமழைக்குப் பின் நீர்மட்டம் எவ்வளவு ஏறி எத்தனை நாளில் வடிகிறது என்று கவனித்து வைத்திருந்தால், அவரிடம் கேட்க உங்களுக்கென்றே சில கேள்விகள் இருக்கும்.

இத்தகைய உயிரியலாளர்களைச் சந்திப்பது கடினமன்று. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1976 முதல் இயங்கிவரும் களப் பறவையியல் குழு, 1894 இல் தொடங்கப்பட்ட வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், தெகிவளை விலங்கியற் பூங்காவில் கூடும் இளம் விலங்கியலாளர் சங்கம் ஆகியவற்றின் கூட்டங்களுக்குச் சென்றால் போதும். உரை முடிந்த பின், "மிஸ், அத்திடியப் பக்கம் இந்த வருடம் நீர்ப்பறவைகளை எண்ணும்போது நானும் கூட வரலாமா? குறிப்பு எழுதித் தருவேன்" என்று கேளுங்கள். பொதுவான பாராட்டைவிட இப்படி இடமும் வேலையும் சொல்லிக் கேட்பதற்கே பெரும்பாலும் பதில் கிடைக்கும்.

களத்துக்கு அழைக்கப்பட்டால் அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே சென்றுவிடுங்கள், ஏனெனில் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் விடியற்பொழுது தவறினால் அன்றைய எண்ணிக்கையே பழுதாகிவிடும். மங்கலான நிறத்தில் ஆடையும், முழங்கால்வரை சப்பாத்தும், குடிக்கத் தண்ணீரும் வேண்டும். அவர் எண்ணிக்கொண்டிருக்கையில் பேச்சுக் கொடுக்காமல், அவருடைய குறிப்பேட்டைக் கவனியுங்கள். திகதி, தொடங்கிய நேரம், மேகமூட்டம், காற்று, நின்ற இடம், பார்த்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிய பிறகே முதற் பறவையின் பெயர் அதில் இடம்பெறும். ஒன்றுமே தென்படாத இடத்திலும் அவர் பூச்சியம் என்று எழுதுவார். பார்த்தும் காணவில்லை என்பதற்கும் பார்க்கவே இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காப்பது அந்தப் பூச்சியம்தான். அது எழுதப்படாவிட்டால், பத்து ஆண்டுகளுக்குப் பின் ஓர் இனம் குறைந்துவிட்டது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவருடைய பொறுமை எப்படிப்பட்டது என்பதை நீண்ட உரையாடலைவிட இந்தப் பக்கங்களே உங்களுக்கு நன்றாகக் காட்டும் என்று நான் நம்புகிறேன்.

வேலை முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில் கேள்விகளைத் தொடங்கலாம். பிடித்த விலங்கு எது என்று கேட்பதைவிட, இந்த நிலம் ஏன் இன்னும் நிரப்பப்படாமல் இருக்கிறது என்று கேளுங்கள். பேச்சு உடனே காணி உரிமை, எல்லை, கால்வாய், கைவிடப்பட்ட வயல், குப்பை, மண் நிரப்பும் லொறி என்று விரியும். பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலம் 1990 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது; எனினும் ஒரு பிரகடனம் மட்டும் நிலத்தைக் காப்பாற்றிவிடாது என்பதை அவர் தம் அனுபவத்திலிருந்து விளக்குவார். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் மூழ்கியதை நினைவூட்டி, மழைநீரைத் தாங்கி மெதுவாக விடும் சதுப்பின் வேலையைப் பற்றிக் கேளுங்கள். இரவில் கால்வாய்க் கரைகள் வழியே நடமாடும் மீன்பிடிப் பூனையைப் பற்றியும் கேளுங்கள்: தானியங்கிக் கமராவில் பதிவாகும் ஒரு படம், இரண்டு சதுப்புகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய பற்றைக்காட்டையும் விட்டுவைக்க வேண்டும் என்று அதிகாரிகளிடம் வாதிடுவதற்கான சான்றாகிறது.

ஒரு விடயத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. கூடு, குகை, கமரா இருக்கும் இடம் எதையும் படத்துடன் முகநூலில் இடாதீர்கள். உயிரினங்களைக் கண்ட பதிவுகளைப் பகிரும் ஐ-நேச்சுரலிஸ்ட் போன்ற இணையத்தளங்களே அருகிவரும் இனங்கள் பலவற்றின் சரியான இடத்தை மறைத்துத்தான் காட்டுகின்றன. ஒருமுறை நம்பிக்கை போனால் அவர் உங்களை மறுபடி அழைக்கமாட்டார், அப்படி அழைக்காமல் இருப்பதே சரி.

தமிழ் பேசுகிறவர்கள் இவர்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு. கொழும்பிலிருந்து வலசைக் காலத்தில் மன்னாருக்கு, 2010 இல் ராம்சார் தலமான வங்காலைச் சரணாலயத்துக்குச் செல்லும் ஆய்வாளர்களில் பலருக்கு அங்குள்ள மீனவர்களுடனும் விவசாயிகளுடனும் தமிழில் உரையாட முடிவதில்லை. எந்த மாதம் எந்தக் களப்பு வற்றுகிறது, முன்பு எங்கே பறவை இறங்கியது என்பதெல்லாம் அந்த மக்களுக்குத் தெரியும். கேள்விகளை முன்கூட்டியே அவருடன் இருந்து தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பதில்களைச் சுருக்காமல், சொன்னவர் சொன்னபடியே குறித்துக் கொடுங்கள்.