டைக்குளோபெனாக் குளிசையை மெதுவாகக் கரைய வைப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் பார்மசி படிக்கத் தொடங்கியிருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு இது. ஆய்வுகூடப் பயிற்சிக்கு மட்டுமே. செய்த குளிசையை யாரும் விழுங்கக் கூடாது.

வலி மருந்தான டைக்குளோபெனாக் சோடியத்தின் அரைவாழ்வு, அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், ஏறத்தாழ 2 மணி நேரம்தான். அதனால்தான் 50 மில்லிகிராம் குளிசையை நாளுக்கு இரண்டு மூன்று தடவை போட வேண்டியிருக்கிறது. எச்பிஎம்சி என்ற பொலிமரைச் சேர்த்தால் குளிசை நனைந்ததும் மேற்பரப்பு களியாகிவிடும். அந்தக் களிக்குள்ளால் மருந்து மெல்ல மெல்லத்தான் வெளியேறும்.

ஒரு குளிசைக்கு மருந்து 100 மில்லிகிராம், எச்பிஎம்சி (கே15எம் என்ற பாகுத்தன்மை வகை) 90, நிரப்பியாக மைக்ரோகிறிஸ்டலைன் செலுலோஸ் 89, பிணைப்பியாக பிவிபி 15, ஒட்டாமல் வழுக்குவதற்கு டல்க் 3, மக்னீசியம் ஸ்டியரேற் 3. மொத்தம் 300 மில்லிகிராம்.

முதல் மூன்றையும் அரித்து நன்றாகக் கலவுங்கள். பிவிபியை ஐசோபுரொப்பைல் அற்ககோலில் கரைத்துச் சிறிது சிறிதாக விடுங்கள். தண்ணீர் வேண்டாம், எச்பிஎம்சி உடனே கட்டிபட்டுவிடும். புட்டுக்கு மா குழைக்கிற பதம்தான்: பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அற்ககோல் தீப்பற்றும், பக்கத்தில் சுடர் இருக்கக் கூடாது.

16ஆம் இலக்க அரிதட்டில் தேய்த்து, அற்ககோல் ஆவியானதும் 45 பாகை செல்சியஸில் உலர்த்தி, 20ஆம் இலக்கத்தில் அரியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் குருணை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உடனே போத்தலில் போட்டு இறுக மூடுங்கள்.

டல்க்கைச் சேர்த்த பிறகு மக்னீசியம் ஸ்டியரேற் கடைசியாக, 3 நிமிடம் மட்டும். கூடக் கலந்தால் குளிசை உறுதி குறையும். அழுத்திய பின் உதிர்வுச் சோதனையில் (குளிசைகளைச் சுழலும் உருளையில் உருட்டிப் பார்ப்பது) எடை இழப்பு 1 வீதத்தைத் தாண்டக் கூடாது.

அப்புறம், மருந்து எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று பார்க்கக் கரைவுச் சோதனை. பிஎச் 6.8 பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசல் 900 மில்லிலீற்றர், 37 பாகை, துடுப்பு நிமிடத்துக்கு 50 சுற்று. சோதனை 12 மணி நேரம் ஓடும், காலையிலேயே தொடங்குங்கள். குறித்த இடைவெளிகளில் ஒவ்வொரு முறையும் 5 மில்லிலீற்றர் எடுத்து, அதே அளவு புதுக் கரைசலை விட்டு, எடுத்ததை யூவி நிறமாலைமானியில் 276 நனோமீற்றரில் அளவிடுங்கள்.

2 மணி நேரம் ஊறிய உபரிக் குளிசை ஒன்றை பிளேடால் வெட்டிப் பாருங்கள். வெளியே வழுவழுப்பான களி, நடுவில் இன்னும் உலர்ந்த வெள்ளை மா. இதைக் கண்ணால் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். அம்மம்மாவுக்கு விழுங்கச் சுகமென்று இந்த வகைக் குளிசையை இடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. இடித்தால் 100 மில்லிகிராமும் ஒரேயடியாக இறங்கிவிடும். வீட்டில் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

மருந்து வேகமாக வெளியேறினால் எச்பிஎம்சியை 120 ஆக்கி, செலுலோஸை 59 ஆகக் குறையுங்கள். மிக மெதுவென்றால் பாகுத்தன்மை குறைந்த கே4எம் வகைக்கு மாறிப் பாருங்கள்.