தலைமை இல்லாத ரோபோக் கூட்டத்தை இயக்கும் முறை

மையக் கணினியை நம்பாமல், ஒவ்வொரு ரோபோவும் அருகிலுள்ளவற்றை மட்டும் உணர்ந்து முடிவெடுக்குமாறு நிரல் எழுதுங்கள். பறவைக் கூட்டத்தைக் கணினியில் உருவாக்க கணினி வரைகலை வல்லுநர் கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987இல் வெளியிட்ட விதிகளான விலகுதல், திசை ஒத்துப்போதல், நடுவை நாடுதல் ஆகியவற்றில் விலகலுக்கே முதலிடம் கொடுங்கள். மற்றவை தவறினால் கூட்டம் கலையும், இது தவறினால் ரோபோக்கள் மோதிச் சக்கரம் உடையும்.

தேடும் பணிக்கு, மெல்ல ஆவியாகும் மணத் தடத்தை விட்டுச் செல்லும் எறும்பின் வழியே பொருத்தம். தரையைக் கட்டங்களாகப் பிரித்து, இலக்கைக் கண்டு திரும்பும் ரோபோ தான் கடக்கும் கட்டங்களின் மதிப்பைக் கூட்டுமாறும், எல்லா மதிப்புகளும் சீரான இடைவெளியில் சிறிது குறையுமாறும் அமையுங்கள். மணம் மங்குவது போன்ற இந்த ஆவியாதலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்போது இலக்கு தீர்ந்த பின்னும் கூட்டம் பழைய தடத்திலேயே சுற்றும். அம்மதிப்புகளை அண்டை ரோபோக்கள் அகச்சிவப்பு ஒளியால் பரிமாறிக்கொள்ளட்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கிலோபாட் என்னும் 1,024 சிறு ரோபோக்களும் தரையில் பட்டுத் தெறிக்கும் அவ்வொளியால்தான் பேசிக்கொண்டன.