துகள்களைப் பெட்டியில் போடும் விளையாட்டு: ஸ்க்ராட்ச்சில் நீங்களே செய்யலாம்

போடிமெட்டு தாண்டிப் பூப்பாறை, தேவிகுளம் பக்கம் தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகளிடம் குவார்க் என்று சொன்னால் விழிப்பார்கள். நியூட்ரினோ என்றால் "பொட்டிபுரம்தானே சார்?" என்று கேட்பார்கள். மலைக்குக் கீழே தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தில், நியூட்ரினோவை ஆராய 50,000 டன் காந்தமேற்றிய இரும்புக் கருவியைப் பாறைக்குள் வைக்கப் போட்ட திட்டமும், அதற்கு வந்த எதிர்ப்பும் இங்கே எல்லா வீட்டுக்கும் தெரிந்த செய்தி. திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு பாடவேளைக்கான வாதம். நியூட்ரினோ எந்தக் குடும்பத்துத் துகள் என்பதற்கு மட்டும் ஒரு விளையாட்டு செய்வோம்.

சுவரில் அட்டவணையை மாட்டி மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்தக் கேள்வியைக் கேட்டால் துகளின் குடும்பம் தெரியும் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். அதனால் இந்த விளையாட்டில் துகளின் பெயர் மறைந்திருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மதிப்பெண் செலவாகும்.

கேரளப் பள்ளிக் கணினிகளில் பெரும்பாலும் லினக்ஸ்தான். கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் மென்பொருள் அதிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அப்புறம் இணையம் தேவையில்லை. நான் சொல்லும் கட்டைகளின் நிறங்கள் மூன்றாம் பதிப்புக்கு உரியவை.

முதலில் கணினியை விட்டுவிட்டு ஒரு தாளில் அட்டவணை போடுங்கள். பெயர், நிறை, மின்னூட்டம், தற்சுழற்சி, வலுவான விசைக்கு ஆட்படுமா, பெட்டி என்று ஆறு பத்திகள். தற்சுழற்சி (ஸ்பின்) துகளுக்கு இயல்பாகவே உள்ள ஒரு குணம். வலுவான விசை அணுக்கருவைக் கட்டி வைக்கும் விசை. தொடக்கத்துக்கு இந்தத் துகள்கள் போதும்: அப், டவுன், ஸ்ட்ரேஞ்ச் குவார்க்குகள், எலக்ட்ரான், மியூவான், டாவ், எலக்ட்ரான் நியூட்ரினோ, ஃபோட்டான், குளுவான், டபிள்யூ மைனஸ், ஹிக்ஸ், புரோட்டான், நியூட்ரான், பை மைனஸ். பெட்டிகள் நான்கு: 1 குவார்க், 2 லெப்டான், 3 அடிப்படைப் போசான், 4 ஹாட்ரான். ஹாட்ரான் குவார்க்குகளால் ஆனது, மற்ற மூன்றும் அடிப்படைத் துகள்கள். போசான் என்றால் தற்சுழற்சி முழு எண்ணாக உள்ள துகள். பெட்டிப் பத்தியில் பெயருக்குப் பதில் எண்ணையே எழுதுங்கள். பெயரின் கடைசியில் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்தால்கூட, ஸ்க்ராட்ச் சரியான விடையைத் தப்பு என்று சொல்லிவிடும்.

தற்சுழற்சியில் குவார்க்கும் லெப்டானும் 1/2, ஃபோட்டான், குளுவான், டபிள்யூ மூன்றும் 1, ஹிக்ஸ் 0. புரோட்டான், நியூட்ரானுக்கு 1/2, பை மைனஸுக்கு 0. வலுவான விசைக்கு ஆட்படுபவை குவார்க், குளுவான், ஹாட்ரான் மட்டுமே.

நிறைப் பத்தியை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். அது ஒரு பொறி. எலக்ட்ரானைப் போல எத்தனை மடங்கு என்று எழுதினால் மியூவான் சுமார் 207, பை மைனஸ் சுமார் 273. பக்கத்துப் பக்கத்து எண்கள், ஆனால் பெட்டி வேறு. புரோட்டான் சுமார் 1,836. டாவ் சுமார் 3,477. புரோட்டானைவிடக் கனமான டாவ், எலக்ட்ரானோடு ஒரே பெட்டியில் உட்காரும். பிள்ளைகள் இதில் விழுந்தால் திட்டாதீர்கள்: 1936-ல் மியூவானைக் கண்டபோது விஞ்ஞானிகளும் அதன் நிறையைப் பார்த்து மேசான் (பை மைனஸ் சேர்ந்த ஹாட்ரான் வகை) என்றுதான் எண்ணினார்கள். அது வலுவான விசைக்கு மசிவதில்லை என்று தெரிந்த பிறகுதான் லெப்டான் பக்கம் வந்தது.

சரி, கணினிக்கு வாருங்கள். ஒவ்வொரு பத்தியையும் தனித்தனி உரைக் கோப்பாக, ஒரு வரிக்கு ஒன்றாகச் சேமியுங்கள். ஸ்க்ராட்ச்சில் மாறிகள் பகுதியில் ஆறு பட்டியல்கள் உண்டாக்கி, மேடையில் தெரியும் பட்டியலின் மேல் வலது சொடுக்குப் போட்டால் கோப்பை உள்ளே கொண்டுவரும் வழி இருக்கும். ஆறிலும் வரிசை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு வரி நழுவினால் எலக்ட்ரானுக்கு ஃபோட்டானின் குணம் வந்துவிடும். முடிந்ததும் பட்டியல்களின் டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விடை மேடையிலேயே தெரியும்.

அடுத்து 'எண்', 'மதிப்பெண்' என்று இரண்டு மாறிகள். பச்சைக் கொடியை அழுத்தினால் மதிப்பெண் 0 ஆகி, 'புதுத் துகள்' என்ற செய்தி ஒலிபரப்பாக வேண்டும். அந்தச் செய்தி வந்ததும் 'எண்' மாறிக்கு, ஒன்றிலிருந்து பட்டியலின் நீளம் வரை ஏதோ ஒரு எண்ணை வையுங்கள். பச்சை நிறக் கட்டைகளில் இதற்கு ஒன்று இருக்கிறது.

கேள்விப் பொத்தான்கள் நான்கு: நிறை, மின்னூட்டம், தற்சுழற்சி, வலுவான விசை. பொத்தானைச் சொடுக்கினால் மதிப்பெண்ணில் 1 குறைந்து, அந்தப் பட்டியலில் 'எண்' காட்டும் வரியை ஊதாக் கட்டை பேச வேண்டும். ஒன்றைச் சரியாகச் செய்து, நகல் எடுத்துப் பட்டியலை மட்டும் மாற்றுங்கள். பெட்டிப் பொத்தான்களும் அப்படியே: பெட்டிப் பட்டியலில் உள்ள எண் பொருந்தினால் 5 கூட்டு, இல்லையென்றால் 2 கழி, பெயரை இரண்டு நொடி காட்டு, மறுபடி 'புதுத் துகள்' ஒலிபரப்பு. இவ்வளவுதான் நிரல்.

வகுப்பில் ஒரு கணினிக்கு மூன்று நான்கு பேர் உட்காரட்டும். கொஞ்ச நேரம் விளையாடியதும் நிறுத்தி, "எந்தப் பொத்தானுக்குக் காசு வீண்?" என்று கேளுங்கள். மின்னூட்டம் பின்னமாக வந்தால் ஒரே கேள்வியில் குவார்க். ஆனால் மைனஸ் 1 வந்தால் எலக்ட்ரானா, டபிள்யூவா, பை மைனஸா? அங்கேதான் வாக்குவாதம் தொடங்கும், தடுக்காதீர்கள். தற்சுழற்சியும் வலுவான விசையும் சேர்ந்தால் இந்த மூன்றும் பிரிந்துவிடும்.

யாராவது கூர்மையான பிள்ளை, "பை மைனஸின் தற்சுழற்சி முழு எண், அப்போ அதுவும் போசான்தானே?" என்று கேட்கும். ஆமாம், போசான்தான். ஆனால் உள்ளே குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் இருப்பதால் அது அடிப்படைத் துகள் இல்லை. பெட்டி 3-ன் பெயரில் 'அடிப்படை' இருப்பது இதற்காகத்தான்.

பொட்டிபுரம் கேள்வியும் வரும். மியூவானும் நியூட்ரினோவும் ஒரே பெட்டி என்றால் மலை எதற்கு? மியூவானுக்கு மின்னூட்டம் உண்டு. பாறைக்குள் போகப் போக ஆற்றலை இழந்து நின்றுவிடும். நியூட்ரினோ துளைத்துக்கொண்டு போகும். வானிலிருந்து கொட்டும் மியூவான்களை வடிகட்டத்தான் பாறை. நம் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965-ல் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவானதும் இதே காரணத்தால்தான்.

இது பழகிவிட்டால் இரண்டாம் கட்டமாகக் குவார்க்குகளைச் சேர்க்க விடுங்கள். பின்னம் வேண்டாம், அப்புக்கு 2, டவுனுக்கு மைனஸ் 1 வைத்து, கூட்டி மூன்றால் வகுக்கச் சொல்லுங்கள். இரண்டு அப், ஒரு டவுன் என்றால் 1, புரோட்டான். ஒரு அப், இரண்டு டவுன் என்றால் 0, நியூட்ரான். எப்படியும் யாராவது மூன்று அப் போட்டு 2 வாங்கி, "தப்பா சார்?" என்பார்கள். தப்பில்லை, அது டெல்டா என்ற ஹாட்ரான். பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்: மின்னூட்டம் 2, தற்சுழற்சி 3/2, பெட்டி 4.