தோட்டத்துப் பிள்ளைகளை மாரத்தான் ஓட வைப்பது எப்படி

மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் கிளம்பினால் ஈப்போவையும் தாண்டிப் போய் நிற்கிற தூரம். பள்ளித் திடலை ஒரு சுற்று ஓடியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற 15 வயதுப் பிள்ளையாலும் இந்தத் தூரத்தை ஓட முடியும். ஆனால் அதற்கு மூன்று வருடம் வேண்டும், அந்த மூன்று வருடமும் வாரம் தவறாமல் பக்கத்தில் ஓடுகிற பெரியவர்கள் வேண்டும். எங்கள் பேராக் பக்கம் மாதிரி செம்பனைத் தோட்டங்களைச் சுற்றி இருக்கிற ஒரு சின்னப் பட்டணத்தில், சம்பளமில்லாத தொண்டூழியர்களை மட்டும் வைத்து இதைத் தொடங்க நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இது புதிய யோசனை இல்லை. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில், வசதியில்லாத பகுதிப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் தன் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு அந்த ஊர் மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்தார். அது வளர்ந்து, இன்று ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஓடுகிற திட்டமாக நிற்கிறது. அங்கே ஆசிரியர்கள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு திடல் ஓரத்தில் நிற்பதில்லை, பிள்ளைகளோடு அதே தூரத்தை அவர்களும் ஓடுகிறார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். சங்கம், சட்டை, பேனர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளோடு ஓடத் தயாராக இருக்கிற நான்கு பெரியவர்கள் கிடைக்காமல் தொடங்கவே வேண்டாம்.

லாஸ் ஏஞ்சலஸில் பள்ளிப் பருவத்திலேயே முழு மாரத்தான் ஓடுகிறார்கள். அதை இங்கே அப்படியே செய்ய முடியாது. நம் நாட்டில் பெரிய பந்தயங்களில் முழு மாரத்தானுக்கு 18 வயது கேட்கிறார்கள், அரை மாரத்தானுக்கும் 10 கிலோமீட்டருக்கும் தனித்தனி வயது வரம்பு உண்டு. பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தந்தப் பந்தயத்தின் விதிமுறையைப் படித்துவிடுங்கள். என்னைக் கேட்டால் இந்த வரம்பு நல்லதுதான். வளர்கிற எலும்புக்கு அவசரம் ஆகாது. படிவம் 3 படிக்கும்போது நம்மிடம் சேர்கிற பிள்ளைக்கு முதல் வருட இலக்கு 5 கிலோமீட்டர், அப்புறம் 10. அடுத்த வருடம் அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர். படிவம் 5-இன் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்து 18 வயதும் ஆன பிறகு முழு மாரத்தான். எஸ்.பி.எம். எழுதும் வருடத்தில் தூரத்தைக் கூட்டாதீர்கள், வாரம் இரண்டு நாள் லேசான ஓட்டம் போதும். பெற்றோரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

தொண்டூழியர்களுக்கு வருவோம். ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஓடுகிறவர் தேவையில்லை. லோரி ஓட்டுகிற அண்ணன், கிளினிக்கில் வேலை செய்கிற அக்கா, ஓய்வு பெற்ற ஆசிரியர், யாராக இருந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்ன நேரத்துக்கு வருகிறவராக இருக்க வேண்டும். நம் பிள்ளைகளில் பலர், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத பெரியவர்களை நிறையப் பார்த்தவர்கள். இரண்டு வாரம் நீங்கள் வராவிட்டால் மூன்றாவது வாரம் அவர்களும் வரமாட்டார்கள். ஒருவர் எப்போதும் கடைசியில் ஓட வேண்டும், அவருடைய வேகம் எல்லாரிலும் மெதுவாக ஓடுகிற பிள்ளையின் வேகம்தான். அந்த வேலைக்குக் குழுவிலேயே பொறுமைசாலியைப் போடுங்கள்.

குறைந்தது இரண்டு பெண்களாவது தொண்டூழியர்களாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெண் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள், அனுப்பாததும் நியாயம்தான். பாதுகாப்பு விதிகளை எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள்: எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, தனியாக மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது, தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, எல்லாத் தகவலும் பெற்றோரும் இருக்கிற புலன (வாட்ஸ்அப்) குழுவில்தான். சிறார் பாலியல் குற்றங்களுக்கென்று 2017-இல் தனிச் சட்டமே வந்த நாடு இது. நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்கிறவருக்கும் இதே விதிதான், அதில் தயவு பார்க்காதீர்கள்.

அடுத்தது அனுமதி. தோட்டத்துச் சாலையில் ஓடப் போகிறீர்கள் என்றால் மானேஜருக்குக் கடிதம் எழுதுங்கள், எந்த நாள், எந்த நேரம், எந்தச் சாலை, எத்தனை பேர் என்று தெளிவாக. பள்ளியில் முதல்வரையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் பாருங்கள். வீடுகளுக்கு நேரில் போவதுதான் முக்கியம். பெற்றோர் சம்மதப் பாரத்தைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினால் கையெழுத்தோடு திரும்பி வரும், ஆனால் அம்மாவுக்கு அது என்ன பாரம் என்றே தெரிந்திருக்காது. போய் உட்கார்ந்து, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் பேசுங்கள். டியூஷன் என்ன ஆகும், வெயிலில் பெண் கறுத்துப் போவாளே, ஓடி என்ன சம்பாதிக்கப் போகிறான், இந்த மூன்றும் வரும். முதல் வருடம் ஓட்டம் 8.30 மணிக்குள் முடிந்துவிடும், டியூஷனில் கை வைக்கமாட்டோம் என்று நேராகச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்கு நான் பெயர்களைச் சொல்வேன். எம். ராஜாமணி 1966-இல் பேங்காக் ஆசியப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்றார். ஜி. சரவணன் 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றார், மாரத்தானை விட நீளமான தூரம் அது. தாத்தா பாட்டி இருக்கிற வீட்டில் இந்தப் பெயர்களைச் சொன்னால் பேச்சே மாறிவிடும்.

முதல் ஓட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு முறை காட்டிவிட வேண்டும். ஓடும்போது மயக்கம் வந்திருக்கிறதா, நெஞ்சு வலித்திருக்கிறதா, குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று பெற்றோரிடமே கேளுங்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் மருத்துவர் சரி என்று சொல்லும் வரை ஓட்டம் கிடையாது. இழுப்பு உள்ள பிள்ளை இன்ஹேலர் இல்லாமல் வந்தால் அன்று ஓடக் கூடாது, உட்கார்ந்து தண்ணீர் கொடுக்கட்டும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டுகிற இடத்திலோ குதிகாலிலோ வலி என்றால் அது வளர்கிற வயதில் வருகிற வலியாக இருக்கலாம். தைலம் தேய்த்துவிட்டு ஓடச் சொல்லாதீர்கள், ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி பாதை. தோட்டத்துக்குள் இருக்கிற செம்மண் சாலை காலுக்கு நல்லது, தார்ச்சாலையை விட மெத்தென்று இருக்கும், வண்டிகளும் குறைவு. ஆனால் ஓடுவதற்கு முதல் நாள் யாராவது ஒருவர் மோட்டாரில் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வர வேண்டும். எந்தப் பக்கம் குலை வெட்டுகிறார்கள், எங்கே பூச்சி, களை மருந்து அடித்திருக்கிறார்கள் என்று தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற தண்டலைக் கேட்டால் சொல்லிவிடுவார், மருந்து அடித்த பக்கம் போகவே வேண்டாம். குலை ஏற்றுகிற லோரி வளைவில் வருவது தெரியாது, அதனால் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடுவதற்குத் தடை. வெட்டிப் போட்ட மட்டையில் முள் இருக்கும், மட்டை அடுக்கில் எலி இருக்கும், எலியைத் தேடி நாகம் வரும். யாரும் குறுக்கு வழி என்று மரத்துக்கடியில் இறங்கக் கூடாது, ஒன்றுக்குப் போவதானாலும் சாலையோரம் வெட்டவெளியில்தான், பெண்களுக்கு வழியில் ஒரு வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மழை பெய்த மறுநாள் தேங்கிய தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கலாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. காலில் புண் இருக்கிற பிள்ளை தண்ணீரில் இறங்கக் கூடாது. நாய்கள் வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, ஒன்றாகச் சேர்ந்து, மெதுவாக நடந்து கடந்து போங்கள்.

விடிவதற்கு முன்னால் பிள்ளைகளைச் சாலையில் இறக்காதீர்கள். இங்கே வெளிச்சம் வரவே ஏழு மணி ஆகிறது. 6.30-க்குக் கூடி, பெயர் எடுத்து, உடம்பைச் சூடாக்கினால் கிளம்பும்போது சாலை தெரியும்.

பயிற்சி அவ்வளவு சிக்கலான விஷயம் இல்லை. வாரம் மூன்று நாள்: செவ்வாய், வியாழன் மாலையில் அரை மணி நேரம், ஞாயிறு காலையில் நீண்ட ஓட்டம். முதல் வாரத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து தடவை. அடுத்தடுத்த வாரங்களில் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டே வந்தால் மூன்று மாதத்தில் பெரும்பாலோர் நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓடிவிடுவார்கள். வேகத்துக்கு ஒரே அளவுகோல்தான்: பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். பையன்கள் முதல் 500 மீட்டரில் பறப்பார்கள், ஒருவனை ஒருவன் முந்தப் பார்ப்பார்கள். அவர்களைத் திட்டாமல் பக்கத்தில் போய் நேற்றைய காற்பந்தைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள், பதில் சொல்ல மூச்சு வேண்டுமே, வேகம் தானாகக் குறையும். ஞாயிறு ஓட்டத்தை வாரத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், நான்காவது வாரம் குறைத்து ஓடுங்கள். அரை மாரத்தானுக்கு 18 கிலோமீட்டர் வரை போனால் போதும். முழு மாரத்தானுக்கு 30 வரை போய், அதைப் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிட்டு, அதன் பிறகு குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

நடப்பதை யாரும் அவமானமாக நினைக்கக் கூடாது, இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஒரு பந்தயத்துக்கு 7 மணி நேரம் கெடு என்றால் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 நிமிடம் வருகிறது. ஓட்டமும் நடையுமாகப் போனாலே எட்டிப் பிடிக்கலாம். தைப்பூசத்துக்கு இரவெல்லாம் பத்துமலைக்கு நடந்து போன பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள், நெடுந்தூரம் என்பது அவர்களுக்குப் புதிதே இல்லை.

நம் ஊர் வெயிலும் புழுக்கமும்தான் உண்மையான ஆபத்து. ஒவ்வொரு 2 அல்லது 3 கிலோமீட்டருக்கும் தண்ணீர் வையுங்கள். தாகத்துக்குக் குடிக்கச் சொல்லுங்கள், வற்புறுத்தி ஊற்றாதீர்கள், நீண்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் 100 பிளஸ் மாதிரி பானமோ உப்புப் போட்ட கஞ்சியோ கொடுக்கலாம். ஒரு பிள்ளை தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, அது வெப்பத் தாக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள், விசிறுங்கள், இன்னொருவர் 999-ஐ அழைக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். இதற்காகவே எப்போதும் பின்னால் ஒரு கார் ஐஸ் பெட்டியோடு வர வேண்டும்.

புகைமூட்டக் காலத்தில் காற்று எவ்வளவு மாசுபட்டிருக்கிறது என்று காட்டுகிற ஐ.பி.யு. குறியீட்டைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 100-ஐத் தாண்டினால் ஓட்டம் இல்லை, மண்டபத்தில் உடற்பயிற்சி செய்யலாம். மாலையில் இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் அல்லது காருக்குள். செம்பனை மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரலாம்.

சாப்பாட்டில் நான் கண்டிப்பு காட்டுவது ஒன்றில்தான், வெறும் வயிற்றில் நீண்ட ஓட்டத்துக்கு வரக் கூடாது. ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு துண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம், மைலோ போதும். தேங்காய்ப்பால் சேர்ந்த நாசி லெமாக் ஓட்டம் முடிந்த பிறகு. ஓடி முடித்ததும் எல்லாரும் சேர்ந்து பசியாற ஏற்பாடு செய்யுங்கள், கோயில் மண்டபமோ யார் வீட்டு முற்றமோ, அவித்த முட்டை, கடலை, சோறு எதுவானாலும் சரி. சில பிள்ளைகள் அதற்காகவே வருவார்கள், வரட்டும். தைப்பூச விரதக் காலத்தில் பருப்பு, தயிர், சோயாவில் செய்த தவ்ஹூ, தெம்பே எல்லாம் கூடுதலாக வேண்டும், நீண்ட ஓட்டத்தையும் குறையுங்கள். பெண் பிள்ளைகள் அடிக்கடி களைத்துப் போனால் இரும்புச்சத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மாதவிலக்கு சில மாதம் வராமல் போனால் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம், இதையெல்லாம் அக்காமார்தான் பேச வேண்டும், முதலுதவிப் பையில் அணையாடையும் இருக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் பணம் வாங்காதீர்கள். பள்ளிக்குப் போடுகிற கறுப்புக் காலணியில் முதல் மாதத்து நடையும் ஓட்டமும் ஓடிவிடும், அதற்குள் யார் நிலைத்து வருகிறார்கள் என்பது தெரிந்துவிடும். அப்புறம் ஓட்டக் காலணி வாங்குங்கள், பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் விட்டு. இந்த வயதில் கால் வளர்ந்துகொண்டே இருக்கும், சிறிதாகிப் போனதைத் தம்பி தங்கச்சிகளுக்கு மாற்றிவிடலாம். கடைக்காரர்களிடமும் கோயில் கமிட்டியிடமும் கேட்கும்போது பணமாகக் கேட்காமல் இத்தனை ஜோடி காலணி, இத்தனை பேருக்குப் பந்தயக் கட்டணம் என்று கேட்டால் கொடுக்கிறார்கள். வரவு செலவை மாதா மாதம் குழுவில் போடுங்கள்.

ஒரு பிள்ளை வருவதை நிறுத்திவிட்டால் அன்று மாலையே வீட்டுக்குப் போங்கள். காரணம் பெரும்பாலும் சோம்பலாக இருக்காது. அப்பாவுக்கு வேலை போயிருக்கும், அம்மா இரவு ஷிப்ட்டுக்குப் போக, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது, யாரோ கேலி செய்திருப்பார்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு வா, தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள்.

பந்தயத்துக்குப் பதிவு மாதக்கணக்கில் முன்னாலேயே முடிந்துவிடும், தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பினாங்குப் பாலத்திலோ கோலாலம்பூரிலோ முழு மாரத்தான் விடிவதற்கு வெகு முன்னாலேயே, இருட்டில் தொடங்கிவிடும். அந்த நேரத்துக்கு எழுந்து, சாப்பிட்டு, மலம் கழித்து ஓடிப் பழகியிருக்க வேண்டும், ஆகவே கடைசி மாதத்தில் இரண்டு தடவையாவது விளக்கு உள்ள பள்ளித் திடலில் அந்த நேரத்திலேயே ஒத்திகை பாருங்கள். புதுக் காலணி, புதுச் சட்டை, புதுப் பானம் எதுவும் அன்று வேண்டாம். தொடையிலும் அக்குளிலும் வாசலின் தடவச் சொல்லுங்கள். சட்டையில் குத்துகிற ஒவ்வொரு ஓட்ட எண் அட்டையின் பின்னாலும் பெற்றோரின் தொலைபேசி எண்ணையும் பிள்ளையின் ஒவ்வாமையையும் எழுதுங்கள். முப்பது கிலோமீட்டருக்கு மேல் கால் கனத்து அழுகை வரும், அந்த இடத்தில் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கிற மாதிரி தொண்டூழியர்களைப் பிரித்து ஓடவிடுங்கள்.

முடிந்ததும் உட்காரவிடாமல் பத்து நிமிடம் நடக்க வையுங்கள், உலர்ந்த சட்டை மாற்றச் சொல்லுங்கள், பேருந்தில் ஏறும் முன் தலையை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஓட்டம் கிடையாது, நடை மட்டும். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.