எது அசல் ஹிப்ஹாப்? இந்த வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கத்தில் ராப் எழுதும் இளைஞர்கள் நான்கு பேர் ஒன்றுகூடினால், இரண்டு வெர்ஸ் (ராப் பாட்டின் ஒரு பகுதி) முடிவதற்குள் ஒரு வாதம் தொடங்கிவிடுகிறது. எது அசல் ஹிப்ஹாப், எது பெரும் சந்தைக்காகச் செய்யப்படும் வெறும் மெயின்ஸ்ட்ரீம் ராப் என்பதே அந்த வாதம். நாங்கள் பாடத் தொடங்கிய காலத்திலும் எங்கள் இரவுகள் இதிலேதான் கழிந்தன. அன்று நாங்கள் பேசிய பேச்சை, அதே பிழையான காரணங்களோடு, கல்லூரியில் கால் வைத்திருக்கும் பிள்ளைகள் இன்று பேசக் கேட்கிறேன். வாதமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தரத்தைப் பற்றிக் கேள்வி கேட்காமல் எந்தக் கலையும் வளர்வதில்லை. ஆனால் தவறான அளவுகோலைக் கையில் எடுத்தால், இழப்பு பேசுகிறவர்களுக்கே வந்து சேர்கிறது. பீட்டை, அதாவது தாளத்தை, விட்டுத் தள்ளிப் பாடுவது, மூச்சு வாங்க இடமில்லாமல் வரிகளை அடைப்பது போன்றவை பயிற்சியில் தாமே சரியாகிவிடும் என்பதால், அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

சினிமாவில் பாடியவரெல்லாம் போலி என்று தீர்ப்பளிப்பது

அமெரிக்காவில் மெயின்ஸ்ட்ரீம் என்றால் வானொலியும் பெரிய இசை நிறுவனங்களும் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் அந்த இடத்தில் சினிமா உட்கார்ந்திருக்கிறது. எனவே சினிமாவுக்குள் போகிற அன்றே ஒருவர் விலைபோய்விட்டார் என்று இங்கே எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். மலேசியாவிலிருந்து ராப் பாடகர் யோகி பி-யும் நட்சத்ரா குழுவும் 2006-இல் ‘வல்லவன்’ என்ற தனி ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே யோகி பி ‘பொல்லாதவன்’ படத்தில் பாடினார். அந்த ஓராண்டுக்குள் அவருடைய குரலிலோ எழுத்திலோ எது கெட்டுப்போனது என்று கேட்டால், குற்றம் சொல்பவர்களிடம் பதில் இல்லை. நம் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அரக்கோணத்தின் ராப் பாடகர் அறிவு, 2018-இல் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழுவின் மேடையில் பாடினார், திரைப்படங்களுக்கும் எழுதினார், 2019-இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ ஆல்பத்தையும் தந்தார். மேடை, படம், ஆல்பம் மூன்றிலும் எழுதிய கை ஒன்றுதான். கேட்பவர்களின் எண்ணிக்கை கூடுவதால் ஒரு பாட்டு கெடுவதும் இல்லை, குறைவதால் அது உயர்வதும் இல்லை. அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் ஆல்பம் பெரிய நிறுவனத்தின் வழியாக வெளியாகி, பல இலட்சம் பேரைச் சென்றடைந்த பிறகுதான், 2018-இல் இசைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது.

காசு கேட்பவன் அசல் இல்லை என்று நம்புவது

மற்ற எல்லாத் தவறுகளையும் பொறுத்துக்கொள்ளும் என்னால் இந்த ஒன்றை மட்டும் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

குடியாத்தத்தைச் சேர்ந்த ஒரு தம்பி எங்கள் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தான். கைலி நெய்யும் குடும்பம். நாடா பாயும்போது ஒரு சொல், மிதி விழும்போது ஒரு சொல் என்று, தறியின் ஓட்டத்திலேயே பதினாறு பார் (தாள அளவிலான வரிகள்) எழுதியிருந்தான். எழுதியது கூலிச் சீட்டின் பின்பக்கத்தில். அடித்து அடித்து எழுதிய அந்தத் தாளை நான் கையில் வாங்கிப் படித்திருக்கிறேன். சென்னையில் ஒரு ஸ்டுடியோ அவனைக் கூப்பிட்டு, அந்த வெர்ஸைப் பாட வைத்துப் பதிவு செய்தது. சம்பளம் பற்றி அவன் பேச்செடுத்தபோது, “தம்பி, நீங்க ஹிப்ஹாப் பசங்க, காசுக்கா எழுதுறீங்க?” என்று கேட்டிருக்கிறார்கள். அவன் வாயடைத்துப் போனதற்குக் காரணம் அந்தக் கேள்வி மட்டும் அல்ல. முந்தைய வாரம்தான் அவனுடைய நண்பர்களே, “காசு கேட்டா நீ ரியல் இல்ல மச்சான்” என்று அவனிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பாட்டு வெளியானது. பாடலாசிரியர் என்ற இடத்தில் வேறொருவர் பெயர் இருந்தது. இவனிடம் சான்றாக இருந்தது, ‘சூப்பர் தம்பி’ என்று அவர்கள் அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ் மட்டுமே. அதன் பிறகு அவன் எழுதுவதை விட்டுவிட்டான். அவனை ஏமாற்றியவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்குக் குறையாத கோபம், ஏமாறுவதையே தூய்மை என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்த பேச்சின் மேலும் இருக்கிறது.

ஹிப்ஹாப்பின் வரலாறு இந்த நம்பிக்கைக்கு எந்த ஆதரவும் தரவில்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் ப்ராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தின் பொது அறையில், டிஜே கூல் ஹெர்க் இசைத் தட்டுகளை ஓடவிட்ட விருந்தையே இந்தக் கலையின் பிறந்தநாளாக உலகம் கொண்டாடுகிறது. அந்த விருந்தை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி கேம்ப்பெல். பள்ளி திறப்பதற்கு முன் புதுத் துணி வாங்கப் பணம் சேர்ப்பது அவருடைய நோக்கம். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று வாசலில் கட்டணம் வாங்கினார்கள். முதல் நாளிலேயே டிக்கெட் இருந்த ஒரு கலையில், காசு வாங்குவது எப்படித் துரோகமாகும்?

இதைவிடப் பெரிய பாடம் 1979-இல் நடந்தது. சுகர்ஹில் கேங் குழுவின் ‘ராப்பர்ஸ் டிலைட்’ தான் அமெரிக்காவின் முதல் 40 பாடல்களுக்குள் நுழைந்த முதல் ராப். அதில் பிக் பேங்க் ஹேங்க் பாடிய வரிகளில் பெரும்பகுதி கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவர் தம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தவை. காஸின் மேடைப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லும் வரியைக்கூட மாற்றாமல் ஹேங்க் அப்படியே பாடியிருக்கிறார். காஸுக்குப் பெயரும் கிடைக்கவில்லை, பணமும் கிடைக்கவில்லை. அதே பாட்டின் பின்னணி இசை ஷிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டிலிருந்து எடுத்தது. அதை உருவாக்கிய நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வழக்குத் தொடுப்போம் என்று எச்சரித்ததும், பாட்டை எழுதியவர்களாக அவர்கள் பெயர் சேர்க்கப்பட்டது. உரிமையைக் கேட்கத் தெரிந்தவர்களுக்குப் பங்கு கிடைத்தது. தெருவிலிருந்து வந்தவர் வெறுங்கையோடு நின்றார். நம் காலத்திலும் ‘எஞ்சாயி எஞ்சாமி’ 2021-இல் ஊரெல்லாம் ஒலித்தபோது, அதில் யார் பங்கு எவ்வளவு, வருமானம் எங்கே என்ற கேள்விகள் பொதுவெளிக்கு வந்ததை எல்லோரும் பார்த்தோம். அந்தப் பாட்டு அசலா, மெயின்ஸ்ட்ரீமா என்று மணிக்கணக்கில் வாதாடிய பிள்ளைகளில் ஒருவர்கூட, தான் எழுதும் வரி யாருடைய பெயரில் பதிவாகிறது என்று யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டுச் சட்டம் எழுதுபவர் பக்கம் நிற்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருந்து, தருபவர் கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் கொள்ளப்படும். 2012-இல் வந்த திருத்தம், படத்தில் இடம்பெறும் பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும், திரையரங்கில் படத்தோடு ஓடுவதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கான ராயல்டியில் சமபங்கு பெறுவதை உறுதி செய்கிறது. அந்தப் பங்கைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதித் தந்தாலும் செல்லாது. 57-ஆம் பிரிவு, இது நான் எழுதியது என்று உரிமை கோரும் அதிகாரத்தைத் தருகிறது. எனவே ஸ்டுடியோவுக்குப் போகும் முன், வெர்ஸைத் தட்டச்சு செய்து, குரல் பதிவோடு சேர்த்து, தேதி தெரியும்படி உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். பெயர் எங்கே வரும், எதற்குப் பயன்படுத்துவார்கள், தொகை எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் மைக் முன்னால் நிற்காதீர்கள். எழுதித் தர மறுப்பவரிடம் பாட வேண்டியதில்லை.

அடுத்தவர் வாழ்க்கையைத் தன்னுடையதாகப் பாடுவது

துப்பாக்கியைக் கண்ணால் பார்த்திராத காட்பாடிப் பையன் துப்பாக்கியைப் பற்றிப் பாடுகிறான். வடசென்னைக்கு ஒரு முறைகூடப் போகாத இன்னொருவன் அந்த வட்டாரப் பேச்சை இரவல் வாங்கி வருகிறான். அசலாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையே இவர்களைப் போலியாக்குகிறது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்த ஹெர்க், அங்கே தெருவில் பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி இசை போடும் வழக்கத்தை மனத்தில் சுமந்தே நியூயார்க்கில் மேடை அமைத்தார். நம் மண்ணிலும் திரௌபதி அம்மன் திருவிழா இரவுகளில் கூத்து நடக்கிறது. கட்டியங்காரன் பாரதக் கதைக்கு நடுவே உள்ளூர் நடப்பை இழுத்து வைத்து, எதிரில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதரையே கேள்வி கேட்கிறான். அந்தத் துணிச்சலையும் நேரம் பார்த்து அடிக்கும் திறமையையும் அருகில் உட்கார்ந்து கவனித்தவனுக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளும், அவற்றின் கழிவு கலந்த பாலாறும், மணல் போன ஆற்றுப்படுகையும் பாட்டுக்காகக் காத்திருக்கின்றன. வாணியம்பாடிப் பிள்ளைகள் வீட்டில் பேசும் உருதுவைத் தமிழ் வெர்ஸுக்குள் கொண்டுவந்தால், அது கலப்படம் என்று முகம் சுளிக்காதீர்கள். அவர்கள் வீட்டுப் பேச்சு அதுதான்.

கருத்து சொன்னால்தான் அசல் என்பது

சமூகக் கோபத்தைப் பாடிய ‘தி மெசேஜ்’ என்ற ராப் பாட்டு 1982-இல்தான் வந்தது. அதற்கு முன் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இந்தக் கலை பெரும்பாலும் மக்களை ஆட வைத்தது, சிரிக்க வைத்தது, ஒருவரை ஒருவர் மிஞ்சப் பாடியது. கொண்டாட்டப் பாட்டை மட்டமாக நினைப்பவருக்கு ஹெர்க்கின் விருந்திலேயே இடம் கிடைத்திருக்காது. அதற்காகக் கோபம் தேவையில்லை என்று பொருளில்லை. உங்களுக்கு உண்மையாகவே கோபம் இருந்தால் பாடுங்கள்.

ஆட்டோடியூனைக் குறை சொல்வது

அது குரலின் சுருதியைச் சரிசெய்யும் ஒரு கருவி, வரியைப் பாருங்கள்.

முழுதாகக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், ஓர் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்காதவருக்கு அதைப் பற்றிப் பேச அனுமதி கிடையாது.