குழம்பில் காரம் ஏறிவிட்டதா? தண்ணீர் ஊற்றாதீர்கள்

அரை கிலோ கோழிக்குழம்பை வைத்துச் சொல்கிறேன். குருமாவுக்கும் இதே வழிதான்.

முதலில் அடுப்பை அணையுங்கள். சூட்டையும் மிளகாய்க் காரத்தையும் நாக்கு ஒரே நரம்பு முனைகளால் உணர்வதால், கொதிக்கிற குழம்பு இருப்பதைவிடக் காரமாகத்தான் தெரியும். ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்து, சோற்றில் பிசைந்து ருசி பாருங்கள். பல சமயம் அதோடு சரியாகிவிடும்.

அப்போதும் உறைத்தால், மேலே சிவப்பாக மிதக்கும் எண்ணெயை இரண்டு மூன்று மேசைக்கரண்டி வழித்தெடுங்கள். காரத்தைத் தருகிற கேப்சைசின் எண்ணெயில் நன்றாகக் கரையும், தண்ணீரில் அநேகமாகக் கரையாது. தண்ணீர் ஊற்றினால் உப்பும் புளிப்பும் சப்பென்று ஆகும், எரிச்சல் அவ்வளவாகக் குறையாது. எடுத்த எண்ணெயைக் கொட்ட வேண்டாம், முட்டைப் பொரியலுக்கு ஆகும். முழுப் பச்சை மிளகாய் கிடந்தால் நசுங்காமல் பொறுக்கிவிடுங்கள்.

அடுத்து தேங்காய்ப்பால். அரை மூடித் தேங்காயைத் துருவி, அரை டம்ளர் வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்துப் பிழிந்த முதல் பால் போதும்.

பலருக்கும் சறுக்குவது இங்கேதான். தளதளவென்று கொதிக்கும் குழம்பில் பாலைக் கொட்டினால் திரிந்துவிடும். தக்காளி அதிகம் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். அடுப்பை சிம்மில் வையுங்கள். இரண்டு கரண்டிக் குழம்பைப் பாலில் விட்டுக் கலக்கி, அந்தப் பாலை மெதுவாகக் குழம்பில் ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள்.

தயிர்தான் இருக்கிறதா? புளிக்காத கெட்டித் தயிர் கால் கப், அரை டீஸ்பூன் கடலை மாவோடு கட்டியில்லாமல் கடைந்து, இதே முறையில் சேர்த்து, பச்சை வாசனை போகும்வரை சிம்மிலேயே விடுங்கள். குருமாவுக்கு என் ஓட்டு முந்திரிக்கு: 10 முந்திரியை 15 நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து மைய அரைத்தால் திரியும் பயமே இல்லை.

உப்பைக் கடைசியில் சரிபாருங்கள்.

உருளைக்கிழங்கு காரத்தை உறிஞ்சிவிடும் என்று நம்பிப் போடாதீர்கள். அது குழம்பைத்தான் உறிஞ்சும், மிச்சக் குழம்பின் காரம் அப்படியே நிற்கும். வேகவைத்து மசித்துக் கலந்தால் அளவு கூடி காரம் தணியும்.

சாம்பார் என்றால் கால் கப் வெந்த துவரம்பருப்பும் ஒரு டீஸ்பூன் நெய்யும். புளிக்குழம்புக்குச் சுண்டைக்காய் அளவு வெல்லம், அதற்கு மேல் போனால் இனிக்கும். பொரியலுக்குத் தேங்காய்த் துருவலைத் தாராளமாகத் தூவிப் பிரட்டுங்கள்.