வன்னிப் படப்புத்தகத்துக்கு அட்டைப்படம் தெரிவு செய்வது எப்படி?

இலங்கையின் வடக்கே, போருக்குப் பின் சனம் மீள்குடியேறிய வன்னியின் கமம் (விவசாயம்) பற்றி ஓர் ஆவணப் படப்புத்தகம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படங்கள் ரெடி. அட்டைக்கு எதைப் போடுவது?

1. புத்தகம் எதைப் பற்றியது என்று ஒரே வசனத்தில் எழுதுங்கள். "குளத்துத் தண்ணியை நம்பி வாழும் சனம்" என்பது போல. அதற்குப் பொருந்தாத படம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் அட்டைக்கு வேண்டாம்.

2. மிச்சத்தைத் தபாலட்டை அளவில் அச்சடித்து மேசையில் பரப்புங்கள். தலையில்லாப் பனை, சன்னம் துளைத்த சுவர், அழும் தாய் எல்லாவற்றையும் முதலிலேயே ஒதுக்கிவிடலாம். போர் முடிந்த 2009க்குப் பிறகு வன்னிக்கு வந்த கமராக்கள் எல்லாம் எடுத்தவைதானே. பார்த்ததும் "ஓ, போர்ப் புத்தகம்" என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இப்போது இரண்டு படம் மிஞ்சுகிறது. ஒன்றில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் நுரைத்துப் பாய்கிறது. மற்றதில் வாய்க்கால் வரம்பில் ஒருவர் குனிந்து மண்வெட்டியால் மடை வெட்டுகிறார். முகம் பாதிதான் தெரிகிறது, முழங்கால்வரை சேறு, தண்ணீர் இன்னும் வயலுக்குள் இறங்கவில்லை. நானென்றால் இரண்டாவதைத்தான் போடுவேன். முதலாவது கலண்டருக்கு நல்லது. மடைக்காரரைப் பார்த்தால் தண்ணீர் வயலுக்கு வந்து சேர்ந்ததா என்று ஒருமுறை பிரித்துப் பார்க்கத் தோன்றும்.

3. தலைப்பு வைக்க இடமிருக்கிறதா? வானம், தண்ணீர், வெறும் மண் என்றால் நல்லது. வைக்கோல் மேல் எழுத்து வைத்தால் வாசிக்க முடியாது. தமிழில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் இழுக்கும் என்பதால் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். பிறகு போனில் முத்திரை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், மண்வெட்டி தெரிய வேண்டும்.

4. அளவு. 8×10 அங்குல அட்டைக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால், 2400×3000 பிக்சல் வேண்டும். வெட்டுக்கென்று சுற்றிவர 3 மில்லிமீற்றர் கூடுதலாக விடுங்கள். கெட்டி அட்டை என்றால் உள்ளே மடிக்க இன்னும் வேண்டும், அச்சகத்தில் கேளுங்கள். வட்ஸ்அப்பில் வந்த பிரதி சரிவராது. படத்தைப் பின்னட்டைவரை இழுப்பதானால் முதுகு மடிப்பு யாருடைய முகத்திலும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. படத்தில் உள்ளவரிடம் கேட்பது. உள்ளே ஒரு பக்கத்தில் இருப்பதும் கடைக் கண்ணாடியில் நிற்பதும் ஒன்றில்லை. யார் வந்து விசாரிப்பார்களோ என்ற யோசனை இங்கே பல வீடுகளில் இன்னும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை ஏந்திய தாய் என்றால், அந்தப் பிள்ளையும் அட்டைக்கு வருகிறது. தலைப்போடு அச்சடித்த மாதிரியை வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். "பார்ப்பம் தம்பி" என்று இழுத்தால் வற்புறுத்த வேண்டாம். அதற்காகத்தான், மேசையில் மிஞ்சிய மற்றப் படத்துக்கும் ஒரு மாதிரி அடித்துக்கொண்டு போகச் சொல்கிறேன்.